கடல் அட்டை: ஆழத்தில் பெருகி, கரையோரம் அருகும் உயிர்

உலகப் பெருங்கடல்களில் கடல் அட்டை வாழாத கடல் என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். நீர் வற்றும் வேளையில் முழங்கால் ஆழமே நிற்கும் பாக் நீரிணையின் சேற்றுத் தரையிலும், வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த பாறைத் தளங்களிலும், அண்டார்க்டிக் பனிக்கடலின் அடியிலும், சூரிய ஒளி ஒருபோதும் எட்டாத பத்து கிலோமீட்டர் ஆழப் பள்ளங்களிலும் இவ்வுயிர் காணப்படுகிறது. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றை உள்ளடக்கிய முட்தோலிகள் என்னும் பெருந்தொகுதியில் ஹோலோதூரியன்கள் என்ற வகுப்பாக இதை விலங்கியலார் வைத்துள்ளனர். இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 1,700. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இனங்கள் மணற்துகள்களுக்கு இடையில் வாழ, இந்தோ-பசிபிக் கடற்புல் வெளிகளில் ஊர்ந்து திரியும் சினாப்டா மாக்குலாட்டா என்ற இனமோ ஆளுயரத்தையும் மிஞ்சி நீள்கிறது.

இவ்வளவு பரந்த உலகத்தில் மனிதன் விலை கொடுத்து வாங்கும் இனங்கள் சில டஜன்களே. அவற்றுள் பெரும்பாலானவை வெப்பமண்டலக் கடல்களின் கரையோரத்தில், மனிதன் நடந்தோ மூச்சடக்கி மூழ்கியோ எட்டக்கூடிய ஆழத்தில்தான் வாழ்கின்றன. கடல் அட்டையின் இன்றைய நெருக்கடி முழுவதும் இந்த ஒரு பொருத்தத்திலிருந்து பிறந்தது. தமிழகத்தின் தென்கிழக்குக் கடற்கரை அந்த நெருக்கடியின் நடுவில் இருக்கிறது.

உப்பும் தரையும்

கடல் அட்டை எங்கே வாழும் என்பதை முதலில் தீர்மானிப்பது உப்பு. முட்தோலிகளில் எந்த இனமும் நன்னீரில் வாழ்வதில்லை. உடலின் உப்பளவைத் தன் விருப்பப்படி காத்துக்கொள்ளும் உறுப்புகள் அவற்றுக்கு இல்லாமையால், சுற்றியுள்ள நீர் எவ்வளவு உப்போ ஏறத்தாழ அவ்வளவே உடலின் உள்நீரும் உப்பாக இருக்கிறது. ஆற்று வெள்ளம் கடலில் பெருமளவு கலக்கும் இடங்களில் அவை ஒதுங்கிவிடுகின்றன. சென்னை நகரின் நடுவே கடலில் விழும் கூவம், அதற்குத் தெற்கே அடையாறு, வடக்கே எண்ணூரில் கொசஸ்தலையாறு என்று மழைக்காலத்தில் நன்னீரும் மற்றக் காலத்தில் கழிவும் கொட்டுகின்ற, அலையும் ஓயாது அறைகின்ற சென்னைக் கடற்கரையில், விலைமதிப்புள்ள பெரிய இனங்கள் கூட்டமாக வாழத்தக்க அமைதியான தளம் இல்லை. அதற்கு மாறாக, மன்னார் வளைகுடாவின் வடபகுதியிலும் பாக் நீரிணையிலும் ஆற்றுநீரின் வரத்து சொற்பம். வைகையின் நீர் பெரும்பாலான ஆண்டுகளில் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயோடு முடிந்துவிடுகிறது. மிஞ்சியது மட்டுமே ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைச் சேர்கிறது.

அடுத்தது தரை. கடல் அட்டைகளின் உணவு முறை இரண்டு வகைப்படும். ஒரு பிரிவினம் கிளைத்து விரியும் உணர்கொம்புகளை நீரோட்டத்தில் நீட்டி, மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து, ஒவ்வொரு கொம்பாக வாய்க்குள் விட்டு வழித்தெடுக்கிறது. நியூஃபவுண்ட்லாந்து, ஐஸ்லாந்து கடல்களில் பிடிக்கப்படும் குக்குமேரியா ஃப்ராண்டோசா இப்படி உண்பது, ஆகவே அதற்குப் பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். மற்றொரு பிரிவினம் மணலையும் சேற்றையும் அப்படியே அள்ளி விழுங்கி, துகள்களின் மேல் படிந்த பாசியையும் நுண்ணுயிர்களையும் மக்கிய கழிவையும் செரித்துக்கொண்டு, மிச்ச மணலைச் சுருளாகக் கழிக்கிறது. வெப்பமண்டலக் கடல்களில் விலைபோகும் பெரிய அட்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. தரையை மண்புழு பண்படுத்துவது போலக் கடலடியை இவை பண்படுத்துகின்றன என்று சொல்வது வழக்கம். ஆனால் அந்தப் பணியின் அளவை அண்மைக் காலத்தில்தான் கணக்கிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் உள்ள ஹெரான் தீவைச் சுற்றி ஏறத்தாழ 30 லட்சம் கறுப்பு அட்டைகள் வாழ்வதாகவும், அவை ஆண்டொன்றுக்கு 64,000 டன்னுக்கு மேற்பட்ட படிவை உட்கொண்டு வெளியேற்றுவதாகவும் 2021-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் கடல் அட்டைகளை அகற்றிய திட்டுகளில் பவளத்தின் இறப்பு ஏறத்தாழ 15 மடங்கு உயர்ந்ததாக 2024-இல் மற்றொரு ஆய்வு காட்டியது. அழுகும் கழிவோடு பெருகும் நோய்க்கிருமிகளை அட்டைகள் உண்டு குறைக்கின்றன என்பதே அதற்கு ஆய்வாளர் தரும் விளக்கம்.

ஆழத்தின் குடிகள்

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் ஆய்வுக்கப்பல் சேலஞ்சர், கடலின் ஆழத்தில் உயிர்களே இல்லை என்ற பழைய எண்ணத்தைக் கலைத்தது. அது வாரிக்கொண்டு வந்த கடல் அட்டைகளை விவரிக்க இரண்டு பெருந்தொகுதிகள் தேவைப்பட்டன. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் அதே பணியை இந்திய அரசின் அளவைக் கப்பலான இன்வெஸ்டிகேட்டர் செய்தது. அது திரட்டிய ஆழ்கடல் அட்டைகளைப் பற்றிக் கோலர், வானே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1905-இல் வெளியிட்ட நூல், நம் கடல்களின் ஆழத்தைப் பற்றிய அடிப்படை ஆவணமாக இன்றும் பயன்படுகிறது. 1951-இல் டென்மார்க்கின் கலாத்தியா கப்பல், பிலிப்பைன் பள்ளத்தில் 10,000 மீட்டருக்கும் கீழிருந்து வாரியெடுத்த உயிர்களிலும் கடல் அட்டைகள் இருந்தன.

ஆழ்கடல் சமவெளியில் உணவு என்பது மேலிருந்து ஓயாமல் உதிரும் மிதவையுயிர்களின் சடலமும் கழிவும் மட்டுமே. அந்த மெல்லிய படிவை மேய்ந்தே உயிர்வாழக் கற்ற விலங்குகளுக்கு அங்கே போட்டி குறைவு என்பதால், உலகின் பல ஆழ்கடல் தளங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள விலங்குகளின் மொத்த எடையில் பெரும்பங்கு கடல் அட்டைகளுடையதாக இருக்கிறது. கடற்பன்றி என்று பெயர்பெற்ற ஸ்கோட்டோபிளேன்ஸ் இனம், உப்பிய குழாய்க் கால்களை ஊன்றிச் சேற்றின்மேல் நடக்கிறது. நூற்றுக்கணக்கில் கூடும்போது அவை பெரும்பாலும் நீரோட்டத்தை நோக்கியே முகம் திருப்பி நிற்பதை ஆழ்கடல் படங்கள் காட்டுகின்றன. எனிப்னியாஸ்டஸ் என்ற செந்நிற இனம் தரையில் மேய்ந்துவிட்டு, உடலின் ஓரத்தில் உள்ள சவ்வை அசைத்து எழுந்து நீந்துகிறது. பெலாகோதூரியா என்ற இனமோ தரையைத் தொடாமலே நடுநீரில் வாழ்நாளைக் கழிப்பது. முட்தோலிகள் அனைத்திலும் அவ்வாறு வாழ்வது அது ஒன்றே என்பர். இவ்வினங்களின் உடல் பெரும்பாலும் நீரும் கூழுமாக இருப்பதால் உலர்த்தினால் எதுவும் மிஞ்சாது. ஆழம் மட்டுமல்லாமல், பயனற்ற உடலும் அவற்றுக்குக் காவலாக அமைந்துவிட்டது.

மன்னாரும் பாக் நீரிணையும்

இந்தியக் கடல்களில் அறியப்பட்ட கடல் அட்டை இனங்கள் ஏறத்தாழ 200. அவற்றின் முக்கிய வாழிடங்கள் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவு, கட்ச் வளைகுடா ஆகியவை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் பவளத்திட்டுகள் சூழ்ந்த 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பாம்பனுக்கு வடக்கே உள்ள பாக் நீரிணை ஆழம் குறைந்தது, சேறு மிகுந்தது, மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல் அடர்ந்தது. ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வதும் அந்தத் தாழையைத்தான்.

இக்கடலின் மக்கள் அட்டைகளை நுணுக்கமாகப் பிரித்தறிந்திருக்கிறார்கள். ஹோலோதூரியா ஸ்கேப்ரா அவர்களுக்கு வெள்ளை அட்டை. ஹோலோதூரியா ஸ்பினிஃபெரா ராஜா அட்டை. ஒல்லியாகவும் கறுப்பாகவும் இருக்கும் ஹோலோதூரியா ஏட்ரா குச்சி அட்டை. தொந்தரவு செய்தால் பின்புறத்திலிருந்து பிசுபிசுப்பான வெண்ணிற இழைகளை வீசும் போஹாட்ஷியா இனத்துக்கு நூல் அட்டை என்று பெயர். அந்த இழைகள் கையில் ஒட்டினால் எளிதில் விடாது. நண்டோ மீனோ அவற்றில் சிக்கித் தடுமாறும் நேரத்தில் அட்டை மெல்ல நகர்ந்துவிடுகிறது.

இவற்றுள் பெரும் விலைக்குரியது வெள்ளை அட்டை. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, வட ஆஸ்திரேலியா வழியாகப் பசிபிக்கின் ஃபிஜி வரை பரவியிருக்கும் இவ்வினம், அந்தப் பரப்பு முழுவதும் ஒரே வகையான இடத்தையே நாடுகிறது: அலை தணிந்த, மணலும் சேறும் கலந்த, கடற்புல் அருகே உள்ள ஆழமற்ற தரை. காரணம் அதன் வாழ்க்கைச் சுற்றில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் உடலின் முன்பகுதியைத் தரையிலிருந்து உயர்த்தி நின்று, விந்தையும் முட்டையையும் நீரில் விடுகின்றன. கருவுற்ற முட்டையிலிருந்து வரும் இளவுயிரி சுமார் இரு வாரம் மிதந்து திரிந்து, உருமாறி, பெரும்பாலும் கடற்புல்லின் இலைமேல் வந்து ஒட்டுகிறது. இலையில் படிந்த நுண்பாசியை மேய்ந்து சில சென்டிமீட்டர் வளர்ந்த பிறகே அது மணலுக்கு இறங்குகிறது. இறங்கியபின் பகலின் ஒரு பகுதியை மணலுக்குள் புதைந்து கழித்து, மாலையில் வெளிவந்து மேய்கிறது; மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலும் உள்ளே புதைந்துகொள்கிறது. ஆகவே கடற்புல் அழிந்த இடத்தில், தாய் அட்டைகள் எத்தனை இருந்தாலும் அடுத்த தலைமுறைக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காது. தாய் அட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிவிட்டாலோ, நீரில் விடப்பட்ட முட்டையும் விந்தும் சந்திக்காமலே கரைந்துபோகும். எண்ணிக்கை ஓரளவுக்குக் கீழே குறைந்தபின் மீட்சி ஏன் தானாக நிகழ்வதில்லை என்ற கேள்விக்கு இதுவே விடை.

வெள்ளை அட்டையைச் சரக்காக்கும் முறையும் கூர்ந்து நோக்கத்தக்கது. உயிருள்ள அட்டையின் உடலில் ஓரிடத்தில் சிறு கீறலிட்டுக் குடலைப் பிதுக்கி எடுத்து, கொப்பரையில் வேகவைக்கிறார்கள். வெந்ததை ஈர மணலில் ஓரிரவு புதைத்து வைத்தால் மேல்தோல் நெகிழ்ந்துவிடும். பிறகு அதைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் லட்சக்கணக்கில் பதிந்திருப்பதால், அந்தச் சுண்ணாம்பு நீங்காத சரக்குக்கு விலை இல்லை. மறுபடியும் வேகவைத்து, பல நாள் வெயிலில் காயவைத்த பின் கிடைப்பது, மரத்துண்டு போலக் கடினமான, பிடித்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொருள். இராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரைகளில் இதைச் செய்தவர்கள் இதை உண்டதில்லை. சரக்கு முழுவதும் சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகச் சீன உணவு மேசைக்குப் போனது. சீனர் இக்கரைக்கு இத்தொழிலைக் கொண்டுவந்து ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது என்ற கருத்து நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் இத்தொழிலின் வரலாற்றையும் மறுமலர்ச்சியையும் பற்றி விரிவான ஆய்வறிக்கை ஒன்றை 1917-இல் வெளியிட்டார். இதே சீனத் தேவைதான் இந்தோனேசியாவின் மக்கசார் மாலுமிகளைப் பருவக்காற்றோடு வட ஆஸ்திரேலியக் கரைக்கு ஆண்டுதோறும் அனுப்பியது. 1906-07 பருவத்தோடு அந்தப் பயணங்கள் நின்றன.

ஒரு கடல், இரு சட்டம்

சங்கு குளிப்போர் கையால் பொறுக்கிய காலத்தில் பிடிப்புக்கு மூச்சளவே எல்லையாக இருந்தது. பிற்பாடு தள்ளுமடி என்னும் இழுவலையும், இயந்திரப் படகுகளின் இழுவை மடிகளும் வந்தபோது அட்டை, தாழை, குஞ்சு எல்லாம் சேர்ந்து வாரப்பட்டன. 1982-இல் மத்திய அரசு, 75 மில்லிமீட்டருக்குக் குறைவான உலர்ந்த அட்டையின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. நல்ல நோக்கத்தோடு வந்த இந்த விதியில் அடிப்படைக் கோளாறு ஒன்று இருந்தது: அளவு பார்ப்பது உலர்ந்த சரக்கை. துறைமுகத்தில் அளவுகோல் வைக்கப்படும்போது அந்த அட்டை செத்து வாரங்கள் ஆகியிருக்கும். சிறியது என்று ஒதுக்கப்பட்டதைக் கடலில் திரும்ப விட முடியாது.

2001 ஜூலை 11-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டை வகுப்பு முழுவதும் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உரிய அதே பாதுகாப்பு ஒரே நாளில் குச்சி அட்டைக்கும் வந்தது. அதே அறிவிப்பில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டிருந்தன. மீனவர்களின் எதிர்ப்பையடுத்து அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்தப் பட்டியல் 10 இனங்களாகக் குறைக்கப்பட்டது. கடல் அட்டை விஷயத்தில் அத்தகைய இனவாரிப் பிரிப்பு நடைபெறவே இல்லை. பவளத்திட்டில் ஏராளமாகக் கிடக்கும் இனங்களும், உலகப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன் அருகிவரும் இனமாக வகைப்படுத்திய வெள்ளை அட்டையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகவே நிற்கின்றன. பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, 2019-இல் முலை அட்டை எனப்படும் மூன்று இனங்களையும் 2022-இல் தெலினோட்டா பேரினத்தையும் தனித்தனியாகத் தேர்ந்து இரண்டாம் பட்டியலில் சேர்த்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கே அதே வெள்ளை அட்டையை உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், வளர்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். இக்கரையில் குற்றப்பொருளான ஒன்று அக்கரையில் சட்டபூர்வச் சரக்காக மாறும் நிலையில், கடத்தல் நிகழாமல் இருந்தால்தான் வியப்பு. மண்டபம், வேதாளை, தொண்டி வட்டாரங்களில் கடலோரக் காவல் குழுமமும் வனத்துறையும் அட்டை மூட்டைகளைப் பறிமுதல் செய்யும் செய்தி நாளிதழ்களில் வாடிக்கையாகிவிட்டது. பிடிபடுவோரில் பெரும்பாலோர் கூலிக்குப் படகோட்டுவோரும் மூட்டை தூக்குவோரும். முதல் போட்டவர்கள் அரிதாகவே சிக்குகிறார்கள். இலங்கையின் வடபகுதியிலும் எல்லாம் சுமுகமாக இல்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் வலையடைத்து அமைக்கப்பட்ட அட்டைப் பண்ணைகள், தலைமுறைகளாகச் சிறகுவலை பாய்ச்சிய ஆழமற்ற கடலைப் பறிப்பதாக அங்குள்ள மீனவர்கள் போராடியிருக்கிறார்கள்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி தூத்துக்குடியில் நிகழ்ந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வு மையத்தில், டி.பி.ஜேம்ஸும் அவரது குழுவினரும் 1988-இல் வெள்ளை அட்டையைச் செயற்கையாக முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தனர். இவ்வினத்தில் உலக அளவில் அதுவே முதல் வெற்றி. தாய் அட்டையை வெப்பம் சற்றே கூடிய நீரில் வைத்துத் தூண்டுவதில் தொடங்கும் அந்த வழிமுறை பின்னர் பிற நாடுகளில் மேம்படுத்தப்பட்டது. வியட்நாமில் இறால் குளங்களில் அட்டை வளர்கிறது. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் மீனவக் கிராமங்களே குஞ்சுகளை வாங்கிக் கடலில் அடைப்பமைத்து வளர்த்து விற்கின்றன. முதன்முதலில் குஞ்சு பொரித்த நாட்டில் வணிக வளர்ப்புக்குச் சட்டம் இடந்தரவில்லை.

தடையே தவறு என்று இதற்குப் பொருளில்லை. 1990-களில் ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளில் கட்டுப்பாடற்ற அட்டை வேட்டை மீனவருக்கும் பூங்கா நிர்வாகத்துக்கும் இடையே வன்முறையாக வெடித்ததும், சில ஆண்டுகளிலேயே அட்டைகள் அருகிப்போனதும் உலகறிந்தவை. இலட்சத்தீவின் செரியபாணியில் 239 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2020-இல் அமைக்கப்பட்ட உலகின் முதல் கடல் அட்டைக் காப்பகமும், பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டரில் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுக் காப்பகமும் வேறொரு வழியைக் காட்டுகின்றன: விலங்கை மட்டும் காக்காமல் அது வாழும் தரையைக் காப்பது. கடற்பசுவுக்காகக் காக்கப்படும் ஒவ்வொரு தாழைக்காடும் வெள்ளை அட்டையின் குஞ்சுக்கும் தொட்டிலாகும் என்பதால், பிந்தைய முயற்சியை அட்டைப் பாதுகாப்பாகவும் கொள்ளலாம்.

கால் நூற்றாண்டைத் தொடும் ஒரு தடை, தான் எதைச் சாதித்தது என்று எண்ணிக் காட்டக் கடமைப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் பாக் நீரிணையின் தாழை வெளிகளிலும் எந்த இனம் எத்தனை இருக்கிறது என்ற கணக்கை அரசு குறித்த இடைவெளிகளில் எடுத்து, இராமநாதபுரத்து மீனவனும் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும். வெள்ளை அட்டை இன்னும் மீளவில்லை என்று அந்தக் கணக்கு சொன்னால் தடை தொடரட்டும், குஞ்சு பொரிப்பகங்கள் அதைக் கடலில் திரும்ப விடுவதற்காக இயங்கட்டும். பெருகிக் கிடக்கும் இனங்கள் உண்டென்று சொன்னால், சுறாவுக்கு ஐந்து மாதத்தில் செய்த திருத்தத்தை அட்டைக்கும் செய்வதில் தடையேதும் இல்லை.